இடது பக்கத்து ஸ்க்ரூ

போன புதன்கிழமை காலை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

காரைக்குடியில் எங்கள் செக்காலையிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு அம்மா. பெயர் வேண்டாம். வீட்டில் பாத்ரூமைப் புதுப்பிக்கிறார்களாம். "வாஷ்பேசினுக்கு அடியில கப்போர்டு வச்சு மாட்டணும். உங்க அண்ணன் நம்பர் இருந்தாக் குடுங்களேன்" என்றார்.

"அண்ணன் தவறிட்டாருங்க."

அந்தப் பக்கம் ஒரு 'ஐயோ'. உண்மையான ஐயோதான், குறை சொல்லமாட்டேன். எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சோடு அவரே முடித்துவைத்தார்.

"நல்ல வேலைக்காரரு. பாவம்... அந்தக் குடி மட்டும் இல்லன்னா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். இங்கே தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எத்தனை பேரைக் கூப்பிடுவது? ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இந்தப் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். வழக்கமான அரட்டை கிடையாது. சிரிக்கிற சங்கதியும் கிடையாது. காலை காபியோடு படிக்கிறவர்கள் காபியை முதலில் குடித்துவிடுங்கள்.

என் அண்ணன் கணேசன். அமராவதிபுதூரில் வீடு. மரவேலை செய்கிற குடும்பம் நாங்கள். அண்ணன் தலையெடுத்தபோது மரம் போய் பிளைவுட் வந்துவிட்டது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் என்று நிற்க நேரமில்லாமல் வேலை. இந்தப் பக்கத்துப் புது வீடுகளில் ஏகப்பட்ட அடுப்படிகள் அவர் கைவேலை.

குடித்தாரா? குடித்தார். ஒளிக்கப் போவதில்லை. இளவயதில் மோசமாகவே குடித்தார். வள்ளி மதினி — அண்ணனின் மனைவி — கைக்குழந்தையோடு புதுவயலில் இருக்கிற தன் பிறந்த வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அப்புறம் மகள் காலேஜ் சேர்ந்த வருஷம் விட்டார். சத்தியம் பண்ணவில்லை, மாலை போடவில்லை. சும்மா விட்டார். அந்த மகளுக்கே கல்யாணமாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவ்வளவு வருஷம்.

ஆனால் விட்டவனை ஊர் நம்பிவிடுமா என்ன? காத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கால் தடுக்கட்டும், ஒருநாள் வேலைக்கு லேட்டாக வரட்டும்... 'பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்.'

போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் வீட்டு பாத்ரூமைப் பிரித்துப் போட்டோம். புது டைல்ஸ், புதுக் குழாய். கூடவே ஒரு வேனிட்டி. கேள்விப்படாதவர்களுக்கு: கீழே இரண்டு கதவு வைத்த கப்போர்டு, மேலே கல், கல்லில் பதித்த பேசின். கடையில் அதற்குப் பெயர் வேனிட்டி. எங்கள் வீட்டுக்காரர், "கை கழுவுறதுக்கு எதுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்றார். அவர் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

கடைக்காரர்களே ஆள் அனுப்பி மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் கேட்டால்தானே? "என் தங்கச்சி வீட்டு வேலைக்கு வெளியாளா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார்.

பைக்கில் இடது பக்கத்துக் கண்ணாடி இல்லை. "எங்கயோ இடிச்சுருச்சு" என்றார். ஷேவ் பண்ணியிருந்தார். ஆனால் இடது கன்னத்தில் நரைமுடி அப்படியே நின்றது. வேலை இருக்கிற அவசரத்தில் பாதியில் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மதினி வரவில்லையா என்று கேட்டேன். "புதுவயல் போயிருக்கா" என்று ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாத்ரூம் தரையில் பேசின் கப்போர்டு வைப்பது லேசில்லை. தரை எங்கேயும் சமமாக இருக்காது. தண்ணீர் ஓட வேண்டுமே... அதற்காக வாட்டம் கொடுத்துத்தான் டைல்ஸ் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் நாலு காலையும் திருகித் திருகி ஏற்றி இறக்கி, மேல் கல்லை மட்டமாக நிறுத்த வேண்டும். அப்புறம் பின்பக்கம் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும், இடதில் இரண்டு, வலதில் இரண்டு. அண்ணனுக்கு இதெல்லாம் தூக்கத்தில் செய்கிற வேலை.

ஆனால் அன்றைக்கு இழுத்துக்கொண்டே போனது.

"எவன்டா இந்த ஸ்பேனரை எடுத்தது?" என்று உள்ளே சத்தம். போய்ப் பார்த்தால் ஸ்பேனர் அவர் இடது முழங்கால் பக்கத்திலேயே கிடக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே சத்தம். மறுபடி அதே இடம்.

மத்தியானம் வாக்கில் "முடிஞ்சுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

போனோம். பார்த்தோம்.

எனக்கே தெரிந்தது. வலது பக்கம் தூக்கியும் இடது பக்கம் தாழ்ந்தும் அப்பட்டமாகச் சாய்ந்து நின்றது. சுவர் டைல்ஸின் கோடு ஒரு பக்கம் போகிறது, கல் ஒரு பக்கம் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் போர்டில் கோடு கோணினாலே அழித்துவிட்டு மறுபடி போடுகிற ரகம். அவர் விடுவாரா?

"மச்சான், சாஞ்சிருக்கே" என்றார்.

"எங்குட்டு?"

"இங்குட்டுத்தான். இடது பக்கம் இறங்கியிருக்கு."

அண்ணன் சிரித்தார். ரசமட்டத்தை எடுத்துக் கல்மேல் வைத்தார். நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியுமாக இருக்குமே, அந்தக் கட்டை. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம். எங்கள் கண் முன்னால் குமிழி வலது பக்கத்துக் கோட்டையும் தாண்டிப்போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்க மாப்பிள்ளை. நட்ட நடுவுல நிக்குது" என்றார் அண்ணன்.

நாங்கள் இருவரும் குமிழியைப் பார்த்தோம். அண்ணனைப் பார்த்தோம். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. வேலையைச் சுத்தமாக முடித்த மனுஷனின் முகம்.

"மச்சான்... குமிழி வலது ஓரத்துல நிக்குது."

"என்ன மாப்பிள்ளை, எனக்கேவா? இந்தா நடுவுலதானே இருக்கு!"

எங்கள் வீட்டுக்காரர் குனிந்து கப்போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பக்கம் இரண்டு ஸ்க்ரூவும் கச்சிதமாக முடுக்கியிருந்தது. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. ஓட்டைகூடப் போடவில்லை. அவ்வளவு பெரிய கல்லும் பேசினும் சுவரில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

நிமிர்ந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குடிச்சிருக்கீகளா மச்சான்?"

அண்ணன் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். கோபப்படவில்லை. ரசமட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்தார். நேராக இவருக்கு முன்னால் வந்து நின்று, "ஊதிக் காட்டவா மாப்பிள்ளை?" என்றார்.

சொன்னபடியே முகத்துக்கு நேராக ஊதினார். ரோட்டில் போலீஸ்காரருக்கு ஊதிக் காட்டுகிற மாதிரி. தங்கை புருஷனுக்கு. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். டீ வாசனை. அவ்வளவுதான்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கிளம்பினார். வாசல் நிலையில் இடது தோள் நங்கென்று இடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் கிடந்த ட்ரில் மெஷினை எடுக்காமலே போய்விட்டார்.

"வாசனையே இல்லையே" என்றேன் இவரிடம்.

"இப்பல்லாம் வாசனை வராத சரக்கு வந்துருச்சு" என்றார். அவருக்கு மட்டும் வேறென்ன தெரியும்? நம் ஊரில் கோணலாக நடக்கிற ஆம்பளைக்கு ஒரே ஒரு நோய்தான் உண்டு. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

மதினிக்குப் போன் போட்டேன். அப்போதுதான் விஷயமே புரிந்தது. மதினி சும்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தார்.

"மறுபடி ஆரம்பிச்சுட்டாரு செல்வி. கதவுல முட்டுறாரு. வண்டிய கொண்டுபோய் இடிக்கிறாரு. சட்டைல ஒரு கைய மாட்டாமத் தொங்கவிட்டுக்கிட்டுத் தெருவுல நிக்கிறாரு. கேட்டா, இல்லவே இல்லங்கிறாரு. சத்தியம் பண்றாரு. பொய்ச் சத்தியம்! நான் பழைய வள்ளி இல்ல. இந்த வயசுல மறுபடி அந்த நரகம் எனக்கு வேணாம்."

"மதினி, இன்னைக்கு ஊதிக் காட்டுனாரு. வாசனை இல்ல."

போனில் அரவை மில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மதினியின் தம்பி வீடு மில்லை ஒட்டி.

"நாளைக்கு வாரேன். நீயும் வா. உன்ன வச்சுக்கிட்டே கேட்டுருவோம்" என்றார்.

மறுநாள் மதினி பஸ்ஸில் வந்தார். நான் ஆட்டோ பிடித்து அமராவதிபுதூர் போனேன். அண்ணன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். மதினியைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. மதினி நேராக அடுப்படிக்குப் போய்ச் சமைத்தார். அதுதான் மதினி. சண்டை போடுவதென்றாலும் வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான்.

தட்டு வைத்தார். சோறு, மீன் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். அண்ணன் சாப்பிட்டார். நல்ல பசி போல. வலது பக்கத்துச் சோற்றைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். தட்டின் நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. இடது பக்கம் பாதிச் சோறு தொடாமல் அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்திலேயே மீனும் இருக்கிறது.

அண்ணன் கேட்டார்: "வள்ளி... மீன் இல்லையா?"

மதினிக்கு வந்ததே கோபம்! கிண்டல் என்று நினைத்துவிட்டார். "கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தா இருக்குல்ல!" என்று தட்டைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிவிட்டார். இடது பக்கம் வலது பக்கம் ஆகிவிட்டது.

அண்ணன் முகம் மலர்ந்தது.

"எப்ப வச்ச?" என்றார். மீனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மதினி தட்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முயற்சி செய்யவில்லை. மெதுவாகத் தண்ணீர் டம்ளரை எடுத்து அண்ணனின் இடது கைப் பக்கம் வைத்தார். "தண்ணி குடிங்க" என்றார். அண்ணன் வலது பக்கமாகத் தேடினார். முன்னால் தேடினார். "எங்க வச்சிருக்க?" என்றார். டம்ளர் அவர் இடது விரலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இவரு குடிக்கல செல்வி" என்றார் மதினி. சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அன்றைக்கு மதியமே காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டார். "இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வைங்க" என்றார்.

அண்ணனுக்குச் சிரிப்பு. "நடு போடுறதுதானே சார் என் பொழப்பே?" பேனாவை வாங்கினார். ஒரு கண்ணைச் சுருக்கினார். யோசித்து, அளந்து, புள்ளி வைத்தார்... கோட்டின் வலது ஓரத்துக்குப் பக்கத்தில். வைத்துவிட்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார், 'சரிதானே?' என்கிற மாதிரி.

டாக்டர் தாளை மடித்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் வலது பக்கம் கட்டி. கெட்ட கட்டி. கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். கண் பார்க்கிறது; ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடுகிறதாம். தட்டில் பாதி, முகத்தில் பாதி, கதவில் பாதி. இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை எல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது. "அவர் பொய் சொல்லலம்மா. அவருக்கு நிஜமாவே நடுவுலதான் தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்த டாக்டர். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நடந்தது. எடுக்க முடிந்த மட்டும் எடுத்தார்கள்.

கண் விழித்து, பேச்சு வந்து, விஷயத்தைச் சொன்ன பிறகு அண்ணன் தனக்கு எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் இந்த வருஷம் மாட்டுன கப்போர்டெல்லாம்?"

யாருக்குமே அது தோன்றவில்லை. ஏழெட்டு வீட்டில் அடுப்புக்கு மேலே சுவரில் கப்போர்டு மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றும் எவர்சில்வர் பாத்திரம் அடுக்கி வைக்கிற கனம். அதற்குக் கீழேதான் நாள் முழுக்கப் பெண்கள் நிற்கிறார்கள்.

"இடது பக்கம் ஸ்க்ரூ இருக்காது மாப்பிள்ளை. விழுந்துரும். யார் தலைலயாவது விழுந்துரும். போய்ப் பாருங்க" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். படுத்தபடியே ஒவ்வொரு வீடாக அடையாளம் சொன்னார். தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு, பச்சை கேட் போட்ட வீடு, மாடியில் குடியிருக்கிற டீச்சர் வீடு...

எங்கள் வீட்டுக் கணக்கு வாத்தியார்தான் அண்ணனின் ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷன்! ஸ்கூல் விட்டதும் நேராக ஸ்கூட்டரில் போவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, பாத்திரத்தையெல்லாம் இறக்கச் சொல்லி, ஏணி கேட்டு வாங்கி ஏறி...

ஒரு வீட்டில் போன வாரமே விழுந்திருந்தது. அந்த வீட்டு அம்மா மணிச்சத்தம் கேட்டு வாசலுக்குப் போன நேரத்தில் விழுந்ததாம். அடுப்பு நொறுங்கிவிட்டது. ஆள் தப்பியது அவர்கள் செய்த புண்ணியம். அந்த வீட்டுக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"குடிகாரன வேலைக்கு விட்டது எங்க தப்புதாங்க. என் வீட்டுப் பொம்பள தலை போயிருக்கும்!"

"அவரு குடிக்கலைங்க. தலையில கட்டி. ஆபரேஷன் ஆகியிருக்கு."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்புடித்தான் ஆஸ்பத்திரியச் சொல்வீக."

இவர் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? செத்துப் பிழைத்தவர்கள். ஆனால் ஊருக்குள் கதை பரவியது அந்த வாசலிலிருந்துதான்.

கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்த சாயங்காலம், சுண்ணாம்புத் தூசியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வீட்டுலயும் வலது பக்கம் ஸ்க்ரூ எம்புட்டுச் சுத்தமா இருக்கு தெரியுமா?" என்றார். அப்புறம் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனோம். மதுரையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். கூடத்தில் கட்டில். அண்ணன் கண்ணைத் திறந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் மதினியோடு அடுப்படியில் இருந்தேன். அங்கிருந்தே கட்டில் தெரியும். இவர் கட்டிலின் பக்கத்தில் போய் நின்று குனிந்து ஏதோ சொல்கிறார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டது.

"அன்னைக்கு நான் அப்புடிக் கேட்டுருக்கக் கூடாது மச்சான். மன்னிச்சுருங்க."

அண்ணன் அசையவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. இவர் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி சொன்னார். அதற்கும் ஒன்றும் இல்லை. இவர் முகம் செத்துவிட்டது. மன்னிக்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போல.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவர் நின்றது அண்ணனின் இடது பக்கம்.

மதினிதான் போய் இவர் கையைப் பிடித்து வலது பக்கம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அண்ணனின் கண் உடனே மின்னியது.

"வாங்க மாப்பிள்ளை! எப்ப வந்தீக? எல்லா வீடும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மச்சான்."

"உங்க வீட்டுது?"

"அதுவும் பாத்தாச்சு. இப்ப மட்டமா நிக்குது."

அது மட்டும் பொய். எங்கள் வீட்டுப் பேசினை அதுவரை யாரும் தொடவில்லை. சோப்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு இடது பக்கம் போகும். கப்போர்டு கதவு தானாகத் திறந்துகொள்ளும். அண்ணன் கை பட்டது, அப்படியே இருக்கட்டும் என்று சென்டிமென்டாக விட்டுவைக்கவும் இல்லை. அந்த வாரமே கடை ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டோம். அரை மணி நேர வேலை.

மன்னிப்பை மட்டும் இவரால் இன்னொரு தடவை கேட்க முடியவில்லை. இரண்டு தடவை கேட்டதே ஆயுசுக்கும் போதும் என்றாகிவிட்டதோ என்னவோ. வலது பக்கம் உட்கார்ந்து, அண்ணனுக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பொங்கல் பார்த்தார். மகள் வந்திருந்தாள். மாசியில் நினைவு தப்பியது. பங்குனியில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்களே நிறையப் பேர். கட்டிக்கொண்டு அழுதார்கள். "நல்ல மனுஷன்", "தங்கமான கைவேலை" என்றார்கள். அதற்கப்புறம் ஒரு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி எனக்குப் புரிந்தது. மதினிக்கும் புரிந்தது.

முதல் நாள் மதினி சும்மா இருந்தார். இரண்டாவது நாள் எழுந்து உள்ளே போய், மதுரையில் கொடுத்த ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய கறுப்புப் பிலிம். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் அதை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்தா பாருங்க. வெள்ளையா இருக்கே, இதுதான். எலுமிச்சம்பழம் கணக்கா. இது இடிச்சதுதான் எல்லாத்தையும். அவரு சொட்டுக்கூடத் தொடல."

மகள் தடுத்தாள். "ஏம்மா இப்புடிப் பண்றீக, வைங்கம்மா" என்றாள். நானும் சொல்லிப் பார்த்தேன். மதினி கேட்கவில்லை. அவரே சந்தேகப்பட்டு வீட்டைவிட்டுப் போனவர்தானே? யாருக்குக் காட்டினார், ஊருக்கா, தனக்கா... நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

மூன்றாவது நாள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மா வந்தார். மதினி படத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய், ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நாக்கைத் தட்டி உச்சுக் கொட்டினார்.

"ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா! ஏன் வள்ளி... குடிச்சா இதுகூட வருமாக்கும்?"

மதினி படத்தை உறைக்குள் போட்டார்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அடுத்த ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

மதினி படத்தை மறுபடியும் வெளியே எடுத்தார்.